பின்பக்கம் பாத்துக்கும்

ஜூன் 2, செவ்வாய்

இன்றைக்கும் சொல்லிவிட்டார்.

ரிவர்ஸ் கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். இவர் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல், "அதெல்லாம் பின்பக்கம் பாத்துக்கும்" என்றார்.

பின்பக்கம் என்றால் நான். பாத்துக்கும்! 'பார்த்துக்கொள்வாள்' என்றுகூட இல்லை. மழை பெய்யும், மாடு மேயும், பின்பக்கம் பாத்துக்கும். கட்டிய மனைவியை அஃறிணையில் சேர்த்துவிட்டு மனிதர் நிம்மதியாக பில் போடுகிறார்.

கடை ஒன்று, பாதி இரண்டு. முன்பாதியில் கார் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், பளபளப்பு, என் வீட்டுக்காரர். பின்பாதியில் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி, நான். நடுவில் ஒரு ப்ளைவுட் மறைப்பு. போன வருஷம் அவர் அடித்தது. "கஸ்டமர் கண்ணுல கிரீஸ் படக் கூடாது" என்றார். கிரீஸ் என்றுதான் சொன்னார், என்னைச் சொல்லவில்லை. ஆனால் கிரீஸ் இருக்கும் இடத்தில்தானே நானும் இருக்கிறேன்?

மத்தியானம் பஸ் டிப்போ இன்ஜினியர் வந்தார். அவர்கள் பஸ் ஒன்றின் ஆல்டர்னேட்டர், மூன்று இடத்தில் காட்டியும் பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லையாம். கழற்றினேன், டயோடு போயிருந்தது, மாற்றினேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பெஞ்சில் வைத்து ஓட்டிக் காட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க எலக்ட்ரிக்கல் செக்‌ஷனுக்குத் தலைமையா ஆள் இல்லம்மா. நீங்க வர்றீங்களா? மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பின்பக்கம் பாத்துக்கும்.


ஜூன் 4, வியாழன்

மறைப்புக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரம்மா வந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி கிளினிக். சின்னக் குரல், சின்ன உருவம். அவர் கேட்டதைக் கேட்டு நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன்.

"அண்ணா, நாள் பூரா அந்த ட்ரில்லு காதுக்குள்ள கீச்சு கீச்சுன்னு கத்துது. தூக்கத்துல கூட விடல. எனக்குக் கார்ல அடிவயித்துல இருந்து வர்ற சத்தம் வேணும். கார் குலுங்கணும்."

இவருக்கு அப்படியே இறக்கை முளைத்துவிட்டது. இரண்டு பெரிய வூஃபர் ஸ்பீக்கர், இருப்பதிலேயே பெரிய ஆம்ப், இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதி நடக்கிற கார் சவுண்ட் போட்டியில் பெயர் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டே போனார். பத்து வருஷமாக அந்தப் போட்டிக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறவர். ஒரு தடவையாவது நம் கடை வண்டி அங்கே நிற்க வேண்டும் என்று புலம்புவார்.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "இவ்ளோ பெருசுக்கு வண்டியில கரண்ட் பத்துமா?"

பதில் என்ன வந்திருக்கும் என்று எழுத வேண்டுமா?


ஜூன் 5, வெள்ளி

என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும்வரை நானும் வாயைத் திறப்பதாக இல்லை.


ஜூன் 8, திங்கள்

ஆம்ப் மாட்டிவிட்டார். மாட்டியது அழகு, அதில் குறை சொல்ல மாட்டேன். இவர் ஒரு ஸ்க்ரூ போட்டால் அது கூட நேராக நிமிர்ந்து நிற்கும்.

பாட்டைப் போட்டார். தும் என்றது. ஹெட்லைட் கண்ணடித்தது. இன்னொரு தும். ஸ்பீடோமீட்டர் வெளிச்சம் மங்கியது. நாலாவது தும்முக்கு ஆம்ப் தானே அணைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் 'ஆம்ப்' என்ற சொல்லுக்கே இரண்டு அர்த்தம். அவர் ஆம்ப் என்றால் பெட்டி. நான் ஆம்ப் என்றால் அளவு. அந்தக் காரின் ஆல்டர்னேட்டர் தருவது எண்பது ஆம்பியர். அதில் பாதியை லைட்டும் ஏசியும் இன்ஜினுமே தின்றுவிடும். இவர் பெட்டி முழுச் சத்தத்தில் கேட்பது முந்நூறுக்குப் பக்கம். மிச்சத்தைப் பேட்டரி கொடுக்கும், கொடுக்கும், பிறகு படுத்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும்.

இவர் என்ன செய்தார்? கெப்பாசிட்டர் ஒன்று வாங்கிவந்து ஆம்ப் பக்கத்தில் மாட்டினார். அதில் நீல விளக்கில் வோல்டேஜ் எண் ஓடும். பார்க்க ஜோராக இருக்கும். கெப்பாசிட்டர் என்பது ஒரு சொம்பு. தொட்டியில் தண்ணீரே இல்லாதபோது பக்கத்தில் சொம்பு வைத்து என்ன செய்ய? நீல விளக்குப் பொம்மை.

பக்கத்துக் கடையில் தையல் போடும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, என் சுவர் இருமுது. தையல் மிஷின் தானா நடக்குது. நீங்க ஏதாவது செய்யக் கூடாதா?"

"கேட்டா செய்வேன்" என்றேன்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க போங்க" என்று போய்விட்டாள்.


ஜூன் 10, புதன்

வந்தார்.

மறைப்பின் ஓரத்தில் நின்று தொண்டையைச் செருமினார். நான் ஆர்மேச்சரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"டாக்டர் வண்டி பேட்டரி செத்துப்போச்சு."

"அப்படியா."

"கெப்பாசிட்டர் போட்டும் நிக்கல."

"ஐயோ பாவம்."

பெஞ்சில் கிடந்த நட்டுகளை வரிசையாக அடுக்கினார். பிறகு, "கொஞ்சம் வந்து பாக்குறியா?" என்றார்.

இதைக் கேட்கத்தானே ஆறு நாளாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்! ஆனால் முகத்தில் காட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக எழுந்து போய் பானெட்டைத் திறந்தேன். ஆல்டர்னேட்டர் மாற வேண்டும், பேட்டரி பெரிது வேண்டும், இங்கேயிருந்து டிக்கிவரை விரல் கனத்துக்குக் கேபிள் வேண்டும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் பாடியிலிருந்து பேட்டரிக்கும் உள்ள எர்த் வயர்கள் எல்லாம் மாற வேண்டும் என்றேன். தலையாட்டினார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். இன்ஜினிலிருந்து ஆம்ப் வாசல்வரை என் ராஜ்யம். அதற்கு மேல் சத்தம், மரவேலை, அழகு எல்லாம் அவர் ராஜ்யம். ஒருவர் எல்லைக்குள் ஒருவர் தலை நீட்டக் கூடாது.

"என் வேலையில கை வைக்காதீங்க."

"நீ என் வேலையில கிரீஸ் வைக்காத."

சிரித்துவிட்டோம். எவ்வளவு நாள் ஆகிறது.


ஜூன் 13, சனி

இன்றைக்கு எழுதக் கை வலிக்கிறது, ஆனாலும் எழுதியே தீருவேன்.

பழைய ஆல்டர்னேட்டரை இறக்கினேன். பெரியதைப் போட இடம் இல்லை. இரும்புத் துண்டு வெட்டி, துளை போட்டு, புதிதாக ஒரு தாங்கியே செய்துவிட்டேன். போட்டியில் வண்டி நின்ற இடத்தில் ஐடிலிங்கில் ஓடும், ஆக்சிலேட்டரில் கால் படக் கூடாதாம். மெதுவாகச் சுற்றினால் ஆல்டர்னேட்டர் சோம்பேறி, பாதிகூடத் தராது. அதனால் புல்லியைச் சின்னதாக மாற்றினேன். இன்ஜின் நடந்தாலும் அது ஓடும். இந்த யோசனை வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரும் இல்லை. மறைப்பிடம் சொன்னேன்.

கேபிள்காரர் 'சுத்தச் செம்பு' என்று ஒரு சுருளை அனுப்பியிருந்தார். தூக்கியதுமே சந்தேகம், அந்தக் கனத்துக்கு எடை இல்லை. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். ஃபோன் போட்டு நான் பேசிய பேச்சில் அரைமணியில் அசல் வந்துவிட்டது. நானிருக்கிற கடையில் இது நடக்குமா?

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். கேபிள் எங்கேயாவது உரசினால் வண்டி எரியாமல் ஃப்யூஸ் எரியட்டும். பிறகு டிக்கியில் எர்த். கரண்ட் ஆம்ப்புக்குப் போனால் மட்டும் போதாது, காரின் உடம்பு வழியாகத் திரும்பி வந்தால்தான் வேலை நடக்கும். ஸ்டெப்னிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கெட்டித் தகடு பார்த்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட்டைச் சுரண்டிச் சுரண்டி, இரும்பு கண்ணாடிபோல மின்னும்வரை தேய்த்தேன். போல்ட்டை விரலால் மட்டும் திருகி விட்டிருக்கிறேன். கார்ப்பெட் போடும்போது அவரே இறுக்கிக்கொள்வார்.

முதுகு இரண்டாகப் போய்விட்டது. சந்தோஷமாக இருக்கிறது.


ஜூன் 14, ஞாயிறு

தூங்கினேன்.


ஜூன் 17, புதன்

போட்டிக்கான புது வூஃபர் பெட்டி செய்யப் பலகை வரவில்லை. மரக்கடைக்காரர் நாளை என்கிறார், நாளைக்குக் கேட்டால் மறுநாள் என்பார். இவர் டேப்பை வைத்துக்கொண்டு கடை முழுக்க நடந்தார். மறைப்பின் முன்னால் நின்றார். தட்டிப் பார்த்தார்.

"இது என்ன கனம், ஞாபகம் இருக்கா?"

"நீங்கதானே வாங்கினீங்க."

"பெட்டிக்கு இதே கனம்தான் வேணும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "எடுத்துக்கவா?"

"உங்க பலகை, உங்க இஷ்டம்."

ஒரு மணி நேரத்தில் கழற்றி, வெட்டி, பசை போட்டுவிட்டார். இப்போது என் பெஞ்சிலிருந்து பார்த்தால் கண்ணாடி மேசை, வாசல், தெரு, எதிர்ச் சாரி மருந்துக்கடைவரை தெரிகிறது. மத்தியானம் வந்த ஒரு அம்மா நேராக என்னிடம் நடந்துவந்து, "இங்க ஸ்டார்ட்டர் கூடப் பாப்பீங்களா?" என்று கேட்டார். ஒரு வருஷமாக இந்தத் தெருவில் குடியிருக்கிறாராம்.

சாயங்காலம் இவர் சொன்னார்: "நீ வேலை பாக்கும்போது தானா பேசிக்கிறே."

"இப்பதான் தெரியுதா?"

"பலகை இருந்துச்சே. ரேடியோன்னு நெனச்சேன்."


ஜூன் 21, ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபம்தான், வேறொன்றும் இல்லை.

டாக்டர் காலையில் வந்தார், சோதனை பார்க்க. எல்லாம் மூடி, கார்ப்பெட் போட்டு, கல்யாணப் பெண்போல வண்டி நின்றது. இவர் பாட்டு போட்டார். முதல் நிமிஷம் தரை அதிர்ந்தது, டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த நிமிஷம் ஆம்ப் சிவப்பு விளக்கு போட்டு அணைந்துவிட்டது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பேட்டரியில் பதினாலு வோல்ட். ஆம்ப் வாசலில், சிவப்பு முனையைக் கேபிளில் வைத்து, கறுப்பு முனையைக் காரின் உடம்பில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் பதினாலுக்குக் கிட்டத்தட்ட. ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்!

"என் கரண்ட் வந்து நிக்குது. உங்க பெட்டிதான் சரியில்ல" என்றேன்.

அவர் அந்த நீல விளக்கைக் காட்டினார். "பதினொண்ணு காட்டுது பாரு. பத்தல."

"அந்தப் பொம்மையைக் காட்டி என்கிட்ட பேசாதீங்க!"

"பொம்மை பொய் சொல்லுமா?"

"அப்ப என் மீட்டர் பொய் சொல்லுதா?"

டாக்டர் பாவம், தன் பல்லையே பிடுங்கக் கொடுத்தவர்போல நடுவில் நின்றார். இவர் அவரிடம் திரும்பினார். திரும்பி என்ன சொன்னார் தெரியுமா? "ஒண்ணும் இல்ல டாக்டர், பின்பக்கத்துல ஏதோ கோளாறு. சரி பண்ணிடும்."

சரி பண்ணிடுமா? யாரு? எது? மறைப்ப எடுத்தும் நான் அங்கயேதான் இருக்கேனா? பக்கத்துல நிக்கறேன்யா, கையில மீட்டரோட! எட்டடி தூரத்துல! முதுகு ஒடிய ஆல்டர்னேட்டர் ஏத்தினது யாரு — அதுவா?

டாக்டர் போனதும் சொல்லிவிட்டேன். "டிப்போவுல கூப்பிட்டிருக்காங்க. நான் போறேன். அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

அவர் உட்கார்ந்து கையிலிருந்த ஸ்க்ரூவை மேசைமேல் நேராக நிறுத்தி வைத்தார். அது விழுந்தது, மறுபடி நிறுத்தினார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கோபம் வந்தது.


ஜூன் 22, திங்கள்

மறைப்பு இல்லாத கடையில் பேசாமல் இருப்பது பெரிய வேலை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.


ஜூன் 23, செவ்வாய்

நாத்தனார் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அண்ணி, அண்ணன் ஸ்பேனர் கேக்குறாரு" என்றாள். "அண்ணா, அண்ணி மேசைமேல இருக்குங்கறாங்க" என்றாள். பிறகு, "எனக்கு ஜாக்கெட் தைக்கணும், உங்களுக்கு வேற தபால்காரர் பாத்துக்குங்க" என்று போய்விட்டாள்.


ஜூன் 24, புதன்

முழுசாக எழுத வேண்டும். ஒன்றும் விடக் கூடாது.

காலையில் நான் வருவதற்கு முன்னாலேயே இவர் வந்து டாக்டர் வண்டியில் பாட்டு போட்டிருக்கிறார். அணைந்தால் மறுபடி, அணைந்தால் மறுபடி. நான் உள்ளே நுழையும்போது டிக்கியிலிருந்து பின்னால் நகர்ந்தே வந்தார், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

"போல்ட்டு சுடுது" என்றார்.

"எந்த போல்ட்டு?"

"எர்த்து போல்ட்டு. பெயின்ட் தீயுற வாசனை வந்துச்சு. தொட்டேன், பொசுக்கிடுச்சு."

பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினேன். எர்த் சுடக் கூடாது. சுடுகிறதென்றால் கரண்ட் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, திரும்பி வர வழியில்லாமல். ஆனால் அது நான் தேய்த்த இடம்! கண்ணாடி மாதிரி தேய்த்த இடம்! கார்ப்பெட்டைத் தூக்கினேன். போல்ட்டைக் கழற்றி, கேபிள் முனையிலிருந்த வளையத்தை நகர்த்தினேன்.

அடியில் பெயின்ட். காரின் அதே நிறம். கொஞ்சம் கருகி, கொஞ்சம் குமிழியிட்டு. மற்றபடி வழவழவென்று, ஒரு திட்டுத் தெரியாமல், இரண்டு கோட்டு.

"யார் அடிச்சது இது?"

இவர் விரலை வாயிலிருந்து எடுத்தார். "நான்தான். பெயின்ட் உரிஞ்சு கெடந்துச்சு. துரு ஏறிடுமே, நீ இவ்ளோ கஷ்டப்பட்டு வேலை பாத்த இடமாச்சேன்னு... பெயின்ட் கடைக்குப் போயி அதே கலர் கலக்கி வாங்கினேன். காய வெச்சுதான் போல்ட்டு போட்டேன்."

"நான் சுரண்டினதே அந்த இரும்பு தெரியணும்னுதானே!"

"அதை நீ சொல்லலையே."

"நீங்க அடிச்சதச் சொன்னீங்களா?"

"உன் எல்லையில பேசக் கூடாதுன்னியே."

அப்படியே டிக்கி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் முதலில் பயந்தார், பிறகு அவரும் சிரித்தார், விரலை ஊதிக்கொண்டே.

என் தப்பும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கறுப்பு முனையைக் காரின் உடம்பில் வைத்துப் பார்த்தேன். பழக்கம். ஆம்ப்பின் சொந்த எர்த்தில் வைத்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். நான் தேய்த்த எர்த்தை நானே சோதிப்பதா என்று அந்தப் பக்கம் போகவே இல்லை. நீலப் பொம்மை ஆம்ப்பின் இரண்டு வாசலையும் பார்த்தது, அதனால் பதினொன்று சொன்னது. என் மீட்டரும் நிஜம், அதுவும் நிஜம். நடுவில் தொலைந்த மூன்று வோல்ட்டும் போல்ட்டில் உட்கார்ந்து இவர் விரலைப் பொசுக்கியிருக்கிறது. அந்தக் கெப்பாசிட்டரிடம் மன்னிப்புக் கேட்கலாம்தான், அதற்குக் காது இல்லை.

அவர் விரலைக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடும் சத்தத்தில் கேட்டார்: "டிப்போவுக்குப் போறேன்னியே. கோவத்துலயா, ஆசையிலயா?"

"தெரியல" என்றேன். அது உண்மைதான்.

"கோவத்துலன்னா என்ன கோவம்னு சொல்லு, சரி பண்றேன். ஆசையிலன்னா..." குழாயை மூடினார். "ஆசையிலன்னா நான் என்ன பண்றது. காலையில சாப்பாடு கட்டித் தர்றேன்."

அப்போது சொன்னேன். பின்பக்கம் பாத்துக்கும் என்பதைச் சொன்னேன். சரி பண்ணிடும் என்பதையும். சொல்லும்போது குரல் உடைந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை.

"நான் அப்படியா சொல்றேன்?" என்றார். நிஜமாகவே திகைத்துப்போனார்.

வாசலில் இருந்து நாத்தனார் குரல்: "ஒரு நாளைக்குப் பத்து தடவை!"


ஜூன் 25, வியாழன்

மறுபடி சுரண்டினேன். உப்புத்தாளை அவரும் பிடித்தார். இறுக்கியபின் மேலே, வெளியே மட்டும், துரு பிடிக்காமல் அவர் ஒரு கோட்டு அடித்தார். அது சரிதான், அடித்துக்கொள்ளட்டும்.

பாட்டு போட்டோம். நீல விளக்கில் பதினாலு. அசையவில்லை. போல்ட்டைத் தொட்டேன், என் கன்னம் அளவுக்குத்தான் சூடு.


ஜூன் 28, ஞாயிறு

போட்டி பெரிய வண்டி நிறுத்தும் மைதானத்தில். இறங்கியதும் தெரிந்தது, பெண்கள் நானும் டாக்டரும் மட்டும்தான். டாக்டர் கறுப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு. பஞ்சு எதற்கு என்று கேட்டேன். "மத்தவங்க வண்டிக்கு. நம்ம வண்டிக்கு எடுத்துடுவேன்" என்றார்.

ஐடிலிங்கில் மூன்று நிமிஷம் ஓட வேண்டும். ஆம்ப்பின் வோல்டேஜை வெளியே பெரிய பலகையில் காட்டுவார்கள், கூட்டம் அதைத்தான் பார்க்கும். எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி பதினாலில் தொடங்கிப் பத்தில் இருமி நின்றது. இன்னொன்றில் புகை. அந்த ஆள் கெப்பாசிட்டர் மூன்று வைத்திருந்தார், பாவம்.

எங்கள் முறை. முதல் தும்மிலேயே முன்வரிசை பின்வாங்கியது. பலகையில் பதினாலு புள்ளி ஒன்று. நான் பாட்டைக் கேட்கவே இல்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு. பதிமூணு புள்ளி ஒன்பது. பதினாலு. யாரோ பின்னால், "மீட்டர் ஒட்டிக்கிச்சா?" என்றார்கள். ஒட்டவில்லை ஐயா. அது நான்.

மூன்றாம் பரிசு. முதலாவது ஒரு வேன், சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு வூஃபராகவே அடைத்திருந்தார்கள். அதோடு யார் மல்லுக்கு நிற்பது. டாக்டர் காரைவிட்டு இறங்கியபோது கால் தள்ளாடியது. "ட்ரில்லு சத்தம் போயிடுச்சு" என்றார். "இப்ப உள்ள ஒண்ணுமே இல்ல. அமைதியா இருக்கு."

நடுவர் இவரிடம் வந்தார். "மூணு நிமிஷமும் ஒரே லெவல்ல நின்னுச்சே. கரண்ட் வேலை யாரு?"

நான் காது கொடுத்தேன். இவர் வாயைத் திறந்தார். "பின்..." என்று வந்துவிட்டது. நிறுத்தினார். பிறகு திரும்பி, என் தோளுக்குப் பக்கத்தில் கையை நீட்டி, "இவங்க செஞ்சாங்க. என் வீட்டுக்காரங்க. நான் நடுவுல பெயின்ட் அடிச்சுக் கெடுத்தேன், இவங்க கண்டுபிடிச்சு நேராக்கினாங்க" என்றார்.

"கண்டுபிடிச்சது உங்க விரல்தான்" என்றேன். கட்டுப் போட்ட விரலை நடுவரிடம் பெருமையாகக் காட்டினார்.

'செஞ்சாங்க.' வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் பாட்டு போட்டிருந்தார், ஒருவருக்கும் கேட்டிருக்காது.


ஜூன் 30, செவ்வாய்

கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. போன வாரம் போயிருந்தால் கதவை அறைந்துவிட்டுப் போயிருப்பேன். இன்றைக்கு யோசித்தால், டிப்போவில் வரிசையாக நிற்கும் பஸ்களும், இருபத்து நாலு வோல்ட்டும், மூன்று இடத்தில் காட்டியும் சரியாகாத ஆல்டர்னேட்டர்களும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. நாக்கில் எச்சில் ஊறுகிறது, என்ன சொல்ல.

இன்ஜினியருக்கு ஃபோன் செய்தேன். வருகிறேன் என்றேன்.

இவரிடம் சொன்னேன். "ஆசையில" என்றேன், அவர் கேட்பதற்கு முன்னால். கொஞ்ச நேரம் கண்ணாடி மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். பிறகு, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.


ஜூலை 6, திங்கள்

டிப்போ. முதல் நாள். சாப்பாட்டு டப்பாவை ஸ்க்ரூ போல நேராக அடுக்கிக் கட்டியிருந்தார். எட்டு பேர் என் கீழே. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன், மேடம் என்கிறார்கள். இருக்கட்டும்.


ஜூலை 17, வெள்ளி

சாயங்காலம் டிப்போவிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். வாசலில் புதுக் கார் ஒன்று, டிக்கி திறந்திருந்தது. அதன் சொந்தக்காரர் இவரிடம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் மருந்துக்கடைப் பக்கம் நின்று கேட்டேன்.

"எல்லாம் மாட்டியாச்சுல்ல? கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்து விட்டுடுங்களேன்."

"இருங்க சார். அவங்க இப்ப வந்துடுவாங்க. அவங்க பாத்துச் சொல்லாம நான் கொடுக்க மாட்டேன்."

தெருவைக் கடந்து போனேன். என்னைப் பார்த்ததும் டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பிடித்தார். உள்ளங்கை அளவுக்குச் சுரண்டி வைத்திருந்தார், ஓரமெல்லாம் நேராக, வட்டமாக, அவர் வேலைக்கே உரிய சுத்தத்தோடு.

"பெயின்ட் அடிக்கல" என்றார்.

விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். வெறும் இரும்புதான்.